ஏழு வீட்டுக் காயிதம்

மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரப் பாலமுனையில் அந்தத் தெருவுக்கு வெகுகாலமாகப் பேர் எதுவும் இருக்கவில்லை. எண்பத்தோராம் ஆண்டுக்குப் பிறகுதான் தபால்காரர் அதற்குச் சவூதித் தெரு என்று பேர் வைத்தார். அந்த வருடம் ஒரே ஏஜன்சிக்காரன் அந்த ஒரே தெருவில் ஏழு பேரைப் பிடித்து, தம்மாமில் ஒரே கொம்பனிக்கு, ஒரே அறையில் படுக்க அனுப்பிவைத்தான். ஏழு ஆண்கள் போனால் ஏழு பெண்கள் மிஞ்சுவார்கள் அல்லவா? அந்த ஏழு பேரில் ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவள் ஹப்ஸா மட்டும்தான். மற்ற ஆறு பேரும் குர்ஆனை மளமளவென்று ஓதுவார்கள். தமிழில் தங்கள் பேரை எழுதச் சொன்னால் பேனையை வாங்கி அவளிடமே திருப்பிக் கொடுப்பார்கள்.

ஹப்ஸாவின் கணவன் ஜெமீல் மேசன் வேலைக்காரன். மகள் அஸீஸாவுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது விமானம் ஏறினான். ஹப்ஸாவின் உம்மா அவளுடைய கலியாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். வாப்பா விதைப்பு, காவல், வெட்டு என்று பாதி வருடம் வயல் வாடிக் குடிசையிலேயே கிடப்பார். சீதனமாகக் கிடைத்த வீட்டில் தாயும் பிள்ளையும்தான். அதனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஊர் ஆண்களெல்லாம் பள்ளிக்குப் போனதும் ஆறு பெண்களும் நீல நிற ஏயர்மெயில் தாளோடு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி சொல்ல, ஹப்ஸா எழுத, மற்ற ஐந்து பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தத் தெருவில் எந்த இரகசியத்துக்கும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு மேல் ஆயுள் கிடையாது.

முதல் வருடம் முடிகிற நேரத்தில் ஹப்ஸாவுக்கு நித்திரை போனது. போனதற்காக அவள் கவலைப்படவில்லை. வந்த சந்தோஷம் அப்படி. மூன்று ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். வளவைக் கூட்டினாள், பக்கத்து வளவையும் கூட்டினாள். எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் யாரும் கேட்காமலே நாலு வரிக் கவி ஒன்று வந்து குந்தியது. கவி அந்த ஊருக்குப் புதிதல்ல. வேளாண்மைக் காவலிலும் கலியாண வீட்டிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுகள்தான் எல்லாருக்கும். ஹப்ஸாவுக்கு அது வந்த வேகம்தான் புதிது. ஒன்றை எழுதி முடிப்பதற்குள் அடுத்த மூன்று வாசலில் வந்து நின்றன.

றாஹிலா ஓடும் சீமெந்தும் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். ஹப்ஸா அதையும் எழுதினாள். அடியில் இதையும் எழுதினாள்:

தீராத வேலையென்ன
தீனாரும் ரியாலுமென்ன
வாராத மச்சானுக்கு
வாசலில ஏன் விளக்கு

இரண்டாம் மாதம் றாஹிலாவின் கணவன் அப்துல் ஸமட் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, ஒரு போர்வையும் ஒரு ரேடியோவுமாக வந்து வாசலில் நின்றான். றாஹிலா நேரே ஹப்ஸாவிடம் வந்தாள்.

“நான் ஓட்டுக்கும் சீமெந்துக்கும் எழுதச் சொன்னா, நீ அந்த மனிசனையே கூப்பிட்டிட்டியேகா.”

மூன்று மாதம் அவனுக்கு ஆக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, அதே ஏஜன்சிக்காரனைப் பிடித்து அதே கொம்பனிக்கே அவனைத் திருப்பி அனுப்பினாள் றாஹிலா. தெரு சிரித்துத் தீரவில்லை. ஜெமீலும் சிரித்துத்தான் எழுதியிருந்தான். இன்னொரு முறை ஹப்ஸா ஒரே கவியை இரண்டு வீட்டுக் கடிதத்தில் எழுதிவிட்டாளாம். இரண்டு புருஷன்மாரும் தன் தன் மனைவியின் கவிதான் என்று அறையில் சண்டை பிடித்தார்களாம். தான்தான் நடுவில் நின்று விலக்குப் பிடித்தானாம். ஹப்ஸா அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்ததோடு விட்டுவிட்டாள். அதில் யோசிக்க ஒரு விஷயம் இருந்தது, அவள் யோசிக்கவில்லை.

சிரிப்பு எவ்வளவு வேகமாக வந்ததோ அவ்வளவு வேகமாகப் போனது. ஒரு காலை அவளுக்குப் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பிள்ளை பக்கத்தில் அழுகிறது, கேட்கிறது, கையை நீட்டிப் பிடிக்க வேண்டும் என்பதும் தெரிகிறது, கை போகவில்லை. ஜெமீலின் அக்கா, கமீலா ராத்தா, அடுத்த தெருவிலிருந்து வந்து பிள்ளைக்குச் சோறு கொடுத்தாள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஊர் சொன்னது. பள்ளி லெப்பை வந்து ஓதிப் பார்த்தார், தண்ணீர் ஓதிக் கொடுத்தார், கழுத்தில் தாயத்துக் கட்டினார். நல்ல மனிதர், போகும்போது அவளுக்காக அழுது துஆக் கேட்டார். பத்துக் கிழமைக்குப் பிறகு அது தானாகத்தான் விட்டது. தாயத்துக்குப் பேர் வந்தது.

இப்படிப் போவதும் வருவதுமாகவே மூன்று வருடம். அவள் படுத்திருக்கும் மாதங்களில் மற்றப் பெண்கள் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர் ஷரிபுதீனிடம் போனார்கள். ஐம்பது வயதுக்காரர், தெருவுக்கே காக்கா, அண்ணன் முறை, சுத்தமான மனிதர், முத்தான கையெழுத்து. ஆனால் வேலை பார்ப்பது அரசாங்கக் கடிதத்தோடு. “இத்தால் தங்களுக்கு அறியத் தருவது யாதெனில், தங்கள் மூத்த புதல்வனுக்குக் கத்னா எனப்படும் சுன்னத்துச் செய்யப்பட்டது” என்று ஆரம்பித்து, “இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள மனைவி” என்று முடிப்பார்.

தன் கணவனுக்கு மட்டும் ஹப்ஸா இதில் ஒன்றையும் காட்டவில்லை. நல்ல நாள் பார்த்து எழுதுவாள். படுத்துக் கிடந்த மாதங்களுக்குக் கையில் சுளுக்கு, பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய், தபாலில் தாமதம் என்று ஏதாவது சாட்டுச் சொல்லுவாள். எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் அவன் விடுமுறையில் வந்து நின்ற இரண்டு மாதமும் அவள் நல்லாயிருந்தாள். தப்பினேன் என்று நினைத்தாள். அவன் தன்னை விரும்புவது கவிக்காக, சிரிப்புக்காக என்பது அவளுடைய எண்ணம். பாயில் கிடக்கும் அந்த மற்றவளை அவன் கண்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது என்று பயந்தாள்.

அடுத்த வருடம், கச்சான் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு நாள், பக்கத்து டவுனான அக்கரைப்பற்றில் காரியம் கைமீறிப் போனது. நாலு நாளாக ஹப்ஸா கண்மூடவில்லை. உலகத்திலுள்ள எல்லாருக்கும் கடிதம் எழுதப்போவதாகச் சொல்லி, தாள் வாங்க அஸீஸாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் சந்தியில் யாரோ என்ன புள்ள சிரிக்கிறாய் என்று கேட்க, பதிலைக் கவியாகச் சொன்னாள். கூட்டம் சேர்ந்தது. கைதட்டினார்கள். அவள் சொல்லிக்கொண்டே போனாள். முக்காடு விலகியது தெரியவில்லை, வெயில் தெரியவில்லை, கையில் பிள்ளை இல்லாததும் தெரியவில்லை.

அஸீஸாவுக்கு இன்னும் நாலு வயது நிறையவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். சந்தைக்குப் பின்னால் சாக்குக் கடை வைத்திருந்த நல்லரெத்தினம் என்பவர் வாழைப்பழம் கொடுத்துத் தன் சாக்குகளின் மேல் தூங்கவைத்திருந்தார். பிள்ளையின் கன்னத்தில் அழுத கண்ணீர் காய்ந்து கிடந்தது. ஹப்ஸாவுக்கு இன்றுவரை பொறுக்க முடியாத விஷயம் ஒன்றுதான்: பிள்ளை எங்கேயோ நின்று உம்மா என்று கத்திய அந்த நேரம் முழுக்கத் தான் சந்தோஷமாக இருந்தது.

கமீலா பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வருகிற மருத்துவிச்சி, மிட்வைப் கனகேஸ்வரி, தம்பிலுவில் என்ற தமிழ் ஊர்க்காரி. சைக்கிளில் நாலு ஊர் சுற்றி நாலாயிரம் வீட்டுக் கதை கேட்டவள். அவள்தான் ஹப்ஸாவின் கையைப் பிடித்து, இது ஓதித் தீர்க்கிற காரியமில்லை, மட்டக்களப்பில் இதற்கென்றே படித்த டாக்டர் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் வருகிறார் என்று சொல்லி, தன் லீவு நாளில் கூடவே பஸ்ஸில் போனாள்.

டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். ஏழு வீட்டுக் கதையையும் எழுதிய ஹப்ஸாவுக்குத் தன் கதைக்கு வசனம் வரவில்லை. கவிதான் வந்தது:

ஆழக் கிணறு ஒண்டு
அடிமட்டும் தெரியுதில்ல
வாளி இறக்கினாலும்
வருகுதில்ல ஒரு சொட்டும்

அது படுத்திருக்கும்போது என்றாள். மற்றதுக்கும் ஒன்று இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருந்தது.

மேட்டில வெள்ளம் வந்தா
மேயிற மாடும் போகும்
பாட்டில நான் போனா
பச்சப்புள்ள ஆர் பிடிப்பார்

டாக்டர் இரண்டையும் அவளுடைய கிளினிக் கொப்பியில் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத்தான் தலையை நிமிர்த்தினார்.

“தங்கச்சி, நீங்க ரெண்டு வருத்தம் எண்டு நினைச்சிருக்கிறீங்க. இது ஒண்டுதான். கிணறும் அதுதான், வெள்ளமும் அதுதான். நீங்க செய்த பாவமுமில்ல, ஆரும் செய்த சூனியமுமில்ல.”

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டுத்தான் அவள் அழுதாள், அதுவரை அழவில்லை.

குளிசை தொடங்கியது. மருந்து கவியைக் கொன்றுவிட்டது என்று எழுதினால் கதைக்கு எடுப்பாயிருக்கும், அப்படி நடக்கவில்லை. கவி குறைந்தது உண்மை. ஆனால் வந்த கவி அடுத்த நாள் வாசித்தாலும் கவியாகவே இருந்தது. தண்ணீர்த் தாகம் வந்தது, கை இலேசாக நடுங்கியது. வெள்ளிக்கிழமை பெண்கள் மறுபடி வந்தார்கள். பிள்ளை மட்டும் கமீலாவின் வீட்டிலேயே இருந்தாள். பின்னேரங்களில் ஹப்ஸா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கமீலா தடுக்கவில்லை, தனியாக விடவுமில்லை.

எண்பத்தைந்து மார்ச்சில் கமீலா ஒருநாள் வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“அவன் என்ட தம்பி. ஒண்டும் தெரியாம அங்க வெயிலுக்க கல்லடுக்கிறான். நீ எழுது. இல்லாட்டி நான் ஷரிபுதீன் காக்காவக் கொண்டு எழுதுவிப்பன்.”

எழுதினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். பக்கத்து ஊர் ஒலுவிலில் அவனுக்குக் கட்டிவைக்க ஒரு பெண் இருக்கிறாள், ஜெமீலுக்கு முப்பது வயதுதானே என்கிற பேச்சு ஏற்கெனவே கமீலாவின் வீட்டுக்குள் வந்து போயிருந்தது. அவன் விட்டால், பிள்ளையும் தன் கைக்குத் திரும்பி வராது என்று ஹப்ஸா நடுங்கினாள்.

முதலில் கவியில் எழுதிப் பார்த்தாள். பன்னிரண்டு கவி நன்றாகவே வந்தது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தாள். கவியில் சொன்னால் அழகாகிவிடுகிறது. பாயில் மூன்று நாள் மாற்றாத சட்டையோடு கிடந்ததில் என்ன அழகு? பிறகு இப்படி எழுதினாள்: எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. ஜின் இல்லை, சூனியம் இல்லை. வந்தால் சில மாதம் பறப்பேன், சில மாதம் விழுந்து கிடப்பேன். மருந்து குடிக்கிறேன், ஆனாலும் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்கிறார். போன வருடம் அக்கரைப்பற்றுச் சந்தியில் பிள்ளையைத் தொலைத்தேன். தொலைத்தது நான்தான். சுளுக்கு என்று எழுதியதெல்லாம் பொய். இனி உங்கள் விருப்பம்.

கடிதம் போன இரண்டாம் கிழமை கல்முனைப் பக்கம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் மூண்டது. வீதி அடைபட்டது. பஸ் இல்லை, தபால் இல்லை, மட்டக்களப்பு கிளினிக் இல்லை. இருந்த குளிசையை ஹப்ஸா எண்ணி எண்ணி விழுங்கினாள். தீர்ந்துபோகும் நேரத்தில் கனகேஸ்வரி தம்பிலுவிலிலிருந்து யார் யார் கையிலோ மாற்றி காகிதத்தில் சுற்றிய ஒரு மருந்துச் சரையை அனுப்பியிருந்தாள். எப்படி அனுப்பினாள் என்று பிற்காலத்தில் கேட்டதற்கும் அவள் சொல்லவில்லை.

பதில் ஜூனில்தான் வந்தது. கமீலாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்தக் கடிதத்தை ஹப்ஸா வாசித்தால் ஒரு வரியையாவது விழுங்கிவிடுவாள் என்று அவளுக்குப் பட்டது. ஷரிபுதீன் காக்காவையே அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, உறையை ஓரமாகக் கிழித்து, சுற்றுநிருபம் வாசிக்கிற குரலில் தொடங்கினார். ஹப்ஸா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். தன் வாழ்க்கைக்கான தீர்ப்பு அரசாங்கத் தமிழில் வரப்போகிறது என்று நினைத்தாள்.

“ஹப்ஸா, உன்ட காயிதம் கிடைச்சிச்சு. நீ புதிசா எனக்கு ஒண்டும் சொல்லல்ல. இந்த அறையில ஏழு பேர் படுக்கிறம். ஏழு பேருக்கு வாற காயிதமும் உன்ட எழுத்து. நீ உன்ட காயிதத்த மட்டும்தான் ஒளிச்ச. மத்த ஆறையும் மறந்திட்ட.”

ஷரிபுதீன் அடுத்த மடிப்பைப் பிரித்தார். மேலே வாசித்தார்.

“எழுத்துப் பெருத்து, வரி மேல ஏறி, எல்லார்ட காயிதத்திலயும் கவி வந்திச்செண்டா உனக்கு நித்திரை இல்லையெண்டு எனக்குத் தெரியும். ஷரிபுதீன் காக்காட எழுத்து வந்திச்செண்டா நீ பாயில எண்டு தெரியும். அந்தக் காயிதம் வந்த நாளைக்கு இஞ்ச ஒருத்தருக்கும் சோறு இறங்காது.”

அவர் இதையும் அதே குரலில் வாசித்தார். காது மட்டும் சிவந்தது.

“மூணு வருசமா நான் நாள் குறிச்சு வச்சிரிக்கன். நீயாச் சொல்லுமட்டும் கேக்கக் கூடாதெண்டு இருந்திட்டன். கேட்டிரிக்கணும். அது என்ட பிழை, உன்ட பிழை இல்ல. ராத்தாக்கு இத வாசிச்சுக் காட்டு: ராத்தா, நீங்க புள்ளையப் பார்த்ததுக்கு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான். அவள் விழுந்து கிடக்கக்குள்ள புள்ள உங்கட வீட்டில இரிக்கட்டும். எழும்பி இரிக்கக்குள்ள தாய்க்கிட்ட இரிக்கணும். நான் கலியாணம் முடிச்சது இவளத்தான். நல்லா இரிக்கிற பாதிய மட்டும் முடிக்கல்ல.”

கமீலா அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். ஷரிபுதீன் வாசித்தார்.

கடைசியில் இன்னும் நாலு வரி இருந்தது.

“இனி எழுத ஏலாத நேரம் எழுத வேணாம். பொய்யும் எழுத வேணாம். வெறுந்தாள மடிச்சு, மேல்விலாசத்த மட்டும் உன்ட கையால எழுதிப் போடு. நீ இரிக்காய் எண்டு எனக்கு விளங்கும்.”

ஷரிபுதீன் கடிதத்தை மடித்து ஹப்ஸாவின் கையில் கொடுத்தார். தான் இனி இந்தத் தெருவுக்குக் கடிதம் எழுதினால் கொஞ்சம் வேறு மாதிரி எழுதப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கமீலா, இருட்டுமுன், மஃரிபுக்கு முன்பு, பிள்ளையைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி எழுந்தாள். சொன்னபடி கூட்டி வந்தாள். பிள்ளையின் சட்டைகளைத் தோய்த்து மடித்தே கொண்டுவந்தாள்.

ஒன்றரை வருடம் நல்லபடி போனது. எண்பத்தாறு மாரியில், குளிசை குடித்துக்கொண்டிருந்தபோதே, அது மறுபடி வந்தது. டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் இம்முறை யாரும் லெப்பையைக் கூப்பிடவில்லை, அவளைத் திட்டவுமில்லை. அஸீஸா மாமி கமீலாவின் வீட்டுக்குப் போனாள். எட்டாம் நாள் மழைக்குள் கமீலா ஒரு ஏயர்மெயில் தாளும் பேனையுமாக வந்து பாயின் பக்கத்தில் இருந்தாள்.

“புள்ள, விலாசம் மட்டும்.”

ஹப்ஸா நண்பகல் லுஹருக்குத் தொடங்கினாள். பேர், தபால்பெட்டி இலக்கம், கொம்பனி, ஊர், நாடு. ஒவ்வொரு வரிக்கும் இடையில் பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். கமீலா அவசரப்படுத்தவில்லை, தாள் நழுவாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அஸர் பாங்கு சொல்லும்போது விலாசம் முடிந்திருந்தது. கமீலா அதைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு தபாலில் போடப் போனாள்.

அந்த மாரியில் அப்படி மூன்று வெறுந்தாள் தம்மாமுக்குப் போனது. நாலாவதில் உள்ளே இரண்டு வரி இருந்தது. கவி இல்லை. பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று ஒரு வரி. இன்றைக்கு நான் முகம் கழுவினேன் என்று ஒரு வரி. தம்மாமில் ஜெமீல் அதை அறையிலிருந்த மற்ற ஆறு பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினான்.